கும்பினிச் சிப்பாயைப் பற்றிப் போர் நாவல் எழுதுவது எப்படி? 1824 பர்மாப் போரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாதம் ஏழு ரூபாய் சம்பளத்துக்காக, கும்பினி எனப்பட்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவன் 1824ஆம் ஆண்டில் கடல் கடந்து, தனக்கு எந்தப் பகையும் இல்லாத பர்மியர்களோடு சண்டையிடப் போனான். இவனை நாவலின் நடுவில் நிறுத்த விரும்புகிறவர் இரண்டு எளிய வழிகளில் ஏதேனும் ஒன்றில் விழுந்துவிடுவது வழக்கம். ஒருவர் அவனை வீரனாக்கிப் பதக்கம் குத்துவார். மற்றவர் அவனை அந்நியனுக்கு விலைபோனவன் என்று முதல் அத்தியாயத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, மிச்சமுள்ள முந்நூறு பக்கங்களில் அவனை வருந்த வைப்பார். அவனுடைய வரவு செலவுக் கணக்கிலிருந்து தொடங்கினால் இந்த இரண்டையும் தவிர்க்கலாம் என்பது என் அனுபவம். கீழே சொல்லியிருக்கும் படிகள் எந்தக் காலனியப் போருக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது என்பதால், முதல் ஆங்கிலேய–பர்மியப் போரையே தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதல் படி: போரைத் தேர்ந்தெடுத்தல்

வென்றவர்களே மறக்க விரும்பிய போராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட போரில் நாவலாசிரியனுக்கு இடம் நிறைய இருக்கும். கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் 1824 மார்ச் 5ஆம் தேதி பர்மா மீது போர் அறிவித்தார். வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸில் ஒன்றுகூடி, ஜெனரல் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் தலைமையில் ஏறத்தாழ 11,000 பேருடன் மே 11ஆம் தேதி ரங்கூனில் இறங்கின. அங்கே அவர்களை வரவேற்க ஆளில்லை. ஊரைக் காலி செய்துவிட்டு, அரிசியையும் மாடுகளையும் படகுகளையும் ஓட்டிக்கொண்டு மக்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஐராவதி ஆற்றின் வழியாக உடனே தலைநகர் ஆவாவுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள், படகும் உணவும் இல்லாமல் பருவமழை முழுவதும் அந்த வெற்று ஊரிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். 1826 பிப்ரவரி 24ஆம் தேதி யாண்டபோவில் உடன்படிக்கை கையெழுத்தானபோது, இந்தப் போருக்கு அனுப்பப்பட்ட சுமார் 40,000 பேரில் 15,000 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றவை காய்ச்சலும் சீதபேதியும்தான்.

நாவலின் வடிவத்தையே இந்தக் கடைசி உண்மை தீர்மானிக்கிறது. நோயால் இத்தனை பேர் செத்த போரில், பத்து அத்தியாயங்களில் எட்டைச் சண்டைக்குக் கொடுப்பது வரலாற்றுப் பிழையாகும்.

இரண்டாம் படி: மனிதனைக் கணக்கிலிருந்து எழுப்புதல்

அவனுடைய பெயர், ஊர், சாதி ஆகியவற்றை முடிவு செய்வதற்கு முன் அவனுடைய சம்பளத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஏழு ரூபாய் என்று மேலே சொன்னேன். 1818 வரை சென்னை மாகாணத்தில் நட்சத்திர வராகனே முதன்மை நாணயமாக இருந்தது. ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்குச் சமம். எனவே பழைய சிப்பாய் ஒருவன் தன் சம்பளத்தை ‘இரண்டு வராகன்’ என்றுதான் மனத்துக்குள் எண்ணுவான். புதிதாகச் சேர்ந்தவன் ரூபாயில் எண்ணுவான். இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து சம்பளம் எண்ணும் ஒரு சிறிய காட்சியிலேயே அவர்களின் வயது வேறுபாட்டை வாசகருக்குக் காட்டிவிடலாம். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அடுத்தது குடும்பம். சென்னைப் படையின் தனித்தன்மையே சிப்பாயின் மனைவி மக்கள் பட்டாளத்தோடு லைனில், அதாவது சிப்பாய்க் குடியிருப்பு வரிசையில், வாழ்ந்ததுதான். பட்டாளம் இடம் மாறினால் மாட்டு வண்டிகளில் குடும்பங்களும் மாறின. கடல் கடந்த போருக்கு மட்டும் அவர்களை அழைத்துப்போக முடியாது. அப்போது சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டுப் போகும் ஏற்பாடு இருந்தது. சிப்பாய் செத்துப்போனால் அவனுடைய மகனைச் சிறுவனாகவே பட்டாளத்தின் பட்டியலில் சேர்த்துக்கொள்வதும் உண்டு. ஆகவே உங்கள் கதாநாயகன் கப்பல் ஏறும்போது விட்டுச் செல்வது கண்ணீரை மட்டுமல்ல, ஒரு கணக்கையும்தான். மாதம் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு கைக்கு, கடன்காரனுக்கு எவ்வளவு என்பதை எழுதி முடித்தால், அவன் ஏன் போனான் என்ற கேள்விக்குத் தனியாக ஒரு சொற்பொழிவு எழுத வேண்டியிருக்காது.

பதவி ஏணியையும் இங்கேயே வரைந்துகொள்ள வேண்டும். சிப்பாய், நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார் என்று அது மேலே போகும். அங்கேயே நின்றும் விடும். முப்பது ஆண்டுகள் பணியாற்றிய நரைத்த சுபேதாருக்கு மேலே, நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய பதினெட்டு வயது வெள்ளைக்கார என்சைன், அதாவது கடைநிலை அதிகாரி, நிற்பான். இதைக் கோபமாக எழுதாதீர்கள். சுபேதார் அந்தப் பையனுக்குச் சலாம் வைத்துவிட்டு, அவன் செய்யப்போகும் தவற்றை அவன் அறியாமலே சரிசெய்வதாக எழுதுங்கள்.

கடைசியாக, அவனுக்கு ஒரு நினைவைக் கொடுங்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகம் 1824இல் பழங்கதையல்ல. பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறியையும் கடுக்கனையும் நீக்கச் சொன்ன உத்தரவும், அதன்பின் ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை கோட்டைக்குள் நடத்திய கொலைகளும், நாற்பது வயது அவில்தார் ஒருவனுக்குக் கண்ணால் கண்டவையாக இருக்கலாம். அவன் அதைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. உத்தரவு ஒன்று வாசிக்கப்படும்போதெல்லாம் அவன் கை தானாகக் காதுமடலுக்குப் போனால் போதும்.

மூன்றாம் படி: இரண்டு காலக்கோடுகள்

ஒரு பெரிய தாளை நெடுவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் போரின் தேதிகள். வலப்பக்கம் உங்கள் சிப்பாயின் நாட்கள். இடப்பக்கத்தில் 1824 மே மாதம் ரங்கூன், டிசம்பர் முதல் வாரத்தில் பர்மியத் தளபதி மகா பண்டூலாவின் முற்றுகை, 1825 ஏப்ரல் 1ஆம் தேதி தனுபியூவில் பண்டூலாவின் சாவு, ஏப்ரல் 25ஆம் தேதி புரோம் நகரைப் பிடித்தது, நவம்பரில் வாட்டிகான் தோல்வி, 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்த நாள், செருப்பு அறுந்த நாள், ஊரிலிருந்து செய்தி வந்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு பக்கங்களும் எப்போதும் ஒன்றாகவே உச்சம் தொட்டால் அது நாடகத்தனமாகிவிடும். பண்டூலா செத்த அன்று நம்மவன் மருத்துவக் கூடாரத்தில் சுருண்டு கிடந்து, அந்தச் செய்தியை மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கொண்டு வருபவனிடமிருந்து கேட்பதே நம்பும்படி இருக்கும்.

இந்தத் தாளில் ஒரு கண்ணிவெடி உண்டு. இரண்டு இரண்டு பட்டாளங்களாக இருந்த ரெஜிமெண்டுகளை அதே 1824இல் தனித்தனியாகப் பிரித்துப் புதிய எண்களைக் கொடுத்தார்கள். நம் சிப்பாய் கப்பல் ஏறும்போது ஒரு எண்ணும், ரங்கூன் சேற்றில் நிற்கும்போது வேறு எண்ணும் இருக்கக்கூடும். இதைக் கவனிக்காமல் ஆவணம் தேடினால் வேறொரு பட்டாளத்தின் வரலாற்றை உங்கள் நாவலுக்குள் எழுதிவைத்துவிடுவீர்கள். அதைவிட, எண் மாறியதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்பதே ஒரு நல்ல காட்சி.

நான்காம் படி: ஆவணங்களைக் குறுக்கே படித்தல்

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை அரசின் இராணுவத் துறை ஏடுகள் இருக்கின்றன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் பதிவேடுகள் இருக்கின்றன. போர் முடிந்த கையோடு 1827இலேயே கேம்பெலின் இராணுவச் செயலர் ஸ்நாட்கிராஸ் தன் விவரணையை அச்சிட்டுவிட்டார். சென்னைப் படையின் நீண்ட வரலாற்றைக் கர்னல் டபிள்யூ. ஜே. வில்சன் 1880களில் பல தொகுதிகளாக எழுதினார். இவை எல்லாவற்றிலும் பேசுகிறவர்கள் அதிகாரிகளே. சிப்பாய்கள் அங்கே எண்ணிக்கையாக வருவார்கள்: இத்தனை பேர் செத்தார்கள், இத்தனை பேர் நடக்க முடியாதவர்கள்.

அவர்களின் குரல் வேண்டுமானால் தண்டனை ஏடுகளுக்குப் போக வேண்டும். இராணுவ நீதிமன்ற விசாரணையில் சிப்பாய் வாக்குமூலம் கொடுக்கிறான். மனுவில் விதவை பேசுகிறாள். மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலத்துக்குப் போன வாக்குமூலத்தை நீங்கள் மீண்டும் தமிழுக்குக் கொண்டுவருகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். பயந்தவன் சொன்னது, மொழிபெயர்த்தவன் சுருக்கியது, எழுதியவன் தனக்கு வசதியாக மாற்றியது என மூன்று சல்லடைகளைத் தாண்டி வந்த சொற்கள் அவை. தளவாடப் பட்டியல்களையும் விடாதீர்கள். அன்றைய சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ இந்தப் போருக்கு ஆட்களையும் அரிசியையும் மாடுகளையும் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை என்ற ஏடு, அதிகாரியின் வீர விவரணையைவிட நாவலுக்கு உதவும்.

ஐந்தாம் படி: பொருள்கள்

வரலாற்று நாவலை வாசகர் நம்புவதும் கைவிடுவதும் பொருள்களால்தான். என் முதல் வரைவில் கப்பலின் மேல்தளத்தில் அவில்தார் ஒருவர் தீக்குச்சி கிழித்துச் சுருட்டைப் பற்றவைத்தார். படித்துப் பார்த்த நண்பர் அந்த வரியின் அடியில் கோடு போட்டு ‘எந்தக் கடையில் வாங்கினார்?’ என்று மட்டும் எழுதியிருந்தார். உரசினால் பற்றும் தீக்குச்சி 1826க்குப் பிறகு வந்தது. அதன்பின் அந்த அவில்தார் சக்கிமுக்கிக் கல்லோடு காற்றில் போராட வேண்டியதாயிற்று. காட்சியும் முன்பைவிட நன்றாக அமைந்தது.

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடந்து அவற்றை அடைய மசுலாப் படகு வேண்டும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். முதன்முறை கடலில் இறங்கும் உழவர் மகன், தன் காலடியில் பலகைகள் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குவதையும், தையலின் வழியே நீர் கசிவதையும் பார்த்துக்கொண்டிருப்பான். கடற்பயணம் பற்றி எழுத வேண்டியதில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

துப்பாக்கிக்கு மட்டும் நீண்ட நேரம் செலவிடுங்கள். 1857 கதைகளில் வரும் என்ஃபீல்டை இங்கே கொண்டுவந்துவிடக் கூடாது. இவன் கையில் இருப்பது ஏறத்தாழ பத்து ராத்தல் எடையுள்ள, சக்கிமுக்கிக் கல் வைத்த, ‘பிரவுன் பெஸ்’ எனப்படும் மஸ்கெட். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், சிட்டிகை மருந்தைப் பக்கத்துக் கிண்ணியில் இட்டு மூட வேண்டும், மிச்ச மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் போட்டுக் கசக்கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும், பிறகே குறி. கவாத்தில் தேர்ந்தவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது. கடித்த மருந்து நாக்கில் உப்பாகக் கரிக்கும், பத்துத் தோட்டாக்களுக்குப் பின் தாகம் தொண்டையை அடைக்கும், உதடுகள் கறுத்துப்போகும்.

இப்போது இதன்மேல் ரங்கூனின் ஜூன் மாத மழையைப் பெய்யவிடுங்கள். கிண்ணியில் இட்ட மருந்து கஞ்சியாகிவிடும். கல் உரசும், பொறி பறக்கும், வெடிக்காது. பர்மியரின் மரக்கோட்டைகளை ஏணி வைத்து ஏறி, துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டியால் குத்தியே பல நேரங்களில் பிடிக்க வேண்டியிருந்ததற்கு இந்த ஈரமும் ஒரு காரணம். தளபதிகளின் தீரம் என்று விவரணைகளில் இருப்பதில் கொஞ்சம் நனைந்த மருந்தும் கலந்திருக்கிறது.

இன்னும் இரண்டு பொருள்களைச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவின் கிதர்பூரில் 1823இல் கடலில் இறக்கிய ‘டயானா’ என்ற சிறிய நீராவிக் கப்பல் இந்தப் போரில் ஐராவதியில் ஓடியது. துடுப்பும் பாயும் இல்லாமல் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் ஒன்றைக் கரையின் இரு பக்கத்தினரும் ஒரே வியப்போடு பார்த்திருப்பார்கள். மற்றொன்று காங்கிரீவ் ராக்கெட். ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படைமேல் ஏவிய மைசூர் வாணங்களைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் அதை உருவாக்கினார்கள். தன் பாட்டன் எந்த நெருப்புக்குப் பயந்து வரப்பில் குப்புற விழுந்தானோ, அதே நெருப்பு இப்போது தன் பின்னாலிருந்து தலைக்கு மேலே சீறிப் போவதைப் பேரன் கேட்கிறான். இந்த ஓர் ஒலிக்காக ஒரு பக்கம் கொடுக்கலாம்.

ஆறாம் படி: மொழி

பொதுவான செந்தமிழில் எழுதிய சிப்பாயும் நேற்றைய சென்னைப் பேச்சில் எழுதிய சிப்பாயும் ஒரே அளவுக்குப் பொய்யானவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடையை நீங்களே செய்துகொள்ள வேண்டும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததானாலும், அரசாங்கமும் வாணிகமும் சண்டையும் அன்றைய தமிழில் எப்படிப் பேசப்பட்டன என்பதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கட்டபொம்மன் கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் உரக்கப் படித்துப் பாருங்கள். கும்பினி, பட்டாளம், தண்டு, பாரா, கவாத்து, கொத்தளம் போன்ற சொற்கள் வாக்கியத்தில் எங்கே உட்காருகின்றன என்பது காதுக்குப் பிடிபடும். அதே சமயம், பட்டாளத்தில் தமிழர்கள் மட்டும் இல்லை. தெலுங்கரும் முசல்மான்களும் இருந்தார்கள். உத்தரவுகள் ஆங்கிலத்தில் வரும், விளக்கம் இந்துஸ்தானியில் வரும், வசவு அவரவர் தாய்மொழியில் வரும்.

ஏழாம் படி: சண்டையை ஒருவனுடைய கண்ணளவுக்குச் சுருக்குதல்

1824 டிசம்பரில் பண்டூலா பல பத்தாயிரம் பேருடன் ரங்கூனைச் சூழ்ந்தார். கும்பினிப் படை சுவேதகோன் பகோடாவையே கோட்டையாக்கி அதன் படிக்கட்டு மேடைகளில் பீரங்கிகளை ஏற்றியிருந்தது. வரைபடத்தைப் பார்த்து எழுதினால் இது ஒரு வாரப் போர். சிப்பாயின் கண்ணால் எழுதினால் ஒரு புத்தர் சிலையின் தோள், அதில் சாய்த்து வைத்த துப்பாக்கிகள், அப்பால் இரவில் காட்டுக்குள் மண்வெட்டிகளின் ஓசை. பர்மிய வீரர்கள் ஆளுக்கொரு குழியாக வெட்டி, அதற்குள் அமர்ந்து, குழி குழியாக முன்னேறினார்கள். காலையில் எழுந்து பார்த்தால் நேற்று வெற்றிடமாக இருந்த நிலத்தில் புதுமண் கோடுகள் தெரியும், ஆள் தெரியாது. அந்தக் கோடுகள் நாளுக்கு நாள் நெருங்கி வருவதில் இருக்கும் அச்சம் எந்தக் கைகலப்பு வருணனையிலும் வராது.

தோல்வி ஒன்றும் நாவலில் இருந்தாக வேண்டும். 1825 நவம்பரில் புரோமுக்கு அருகே வாட்டிகானில் கர்னல் மக்டோவல் சென்னைச் சிப்பாய்களை நடத்திச் சென்று, அங்கேயே கொல்லப்பட்டார். படை இழப்போடு திரும்பி வந்தது. அதிகாரி விழுந்தபின் காட்டு வழியில் பின்வாங்கும் சில மணி நேரத்தில்தான், யாருடைய போர் இது என்ற கேள்வி யாரும் கேட்காமலே எழும்.

எட்டாம் படி: எதிரியும் கலகமும்

பண்டூலாவைக் கொடியவனாக்காதீர்கள், தனுபியூவில் குண்டுமழைக்கு நடுவே பொன்குடை பிடித்துக் கோட்டைச் சுவரில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்த மனிதரை அவ்வளவு எளிதாகக் கொடியவனாக்கவும் முடியாது. ஆனால் நம் சிப்பாய் அவரைப் பார்க்க வேண்டியதே இல்லை. அவன் பார்க்க வேண்டியது, கைவிடப்பட்ட வீட்டு அடுப்பில் பாதி வெந்த சோறு. கீழ்ப் பர்மாவின் மோன் மக்களையும் பார்க்க வேண்டும். 1757இல் தங்கள் பெகு அரசை இழந்த அவர்களில் பலர், கும்பினி அதை மீட்டுத் தரும் என்று நம்பி உதவினார்கள். உடன்படிக்கை பெகுவை மீண்டும் ஆவா மன்னரிடமே விட்டது.

கல்கத்தாவுக்கு அருகே உள்ள பாரக்பூரில் நடந்த கலகம் பற்றி ஓர் எச்சரிக்கை. 1824 நவம்பர் 2ஆம் தேதி வங்காளத்தின் 47ஆம் பட்டாளம், மூட்டை சுமக்க மாடு இல்லாமல் இந்தப் போருக்குப் புறப்பட மறுத்தபோது, அணிவகுத்து நின்றவர்கள்மேல் பீரங்கியால் சுட்டார்கள். இதைக் கதையில் நேரடியாகக் காட்டும் ஆசையில் நம் சிப்பாயைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட வேண்டாம். அது ரங்கூனுக்கு வதந்தியாக வரட்டும். மாடு என்ற ஒரே சொல் மாறி மாறி வேறு வேறு கதையாகட்டும். வேலூரைக் கண்ட அவில்தார் மட்டும் எழுந்து வெளியே போகட்டும்.

ஒன்பதாம் படி: திரும்பி வருதல்

யாண்டபோவில் ஆவா மன்னர் ஒரு கோடி ரூபாய் தண்டம் தர ஒப்புக்கொண்டார். ஏழு ரூபாய்க்காரனின் நாவலில் இந்தத் தொகைக்கு ஒரு வரி போதும். அவனால் அதை எண்ணிப் பார்க்கவே முடியாது. கும்பினி தன் இந்தியப் படையினருக்கு இந்தப் போருக்காகப் பதக்கம் ஒன்றை அடித்தது: அதிகாரிகளுக்குப் பொன், மற்றவர்களுக்கு வெள்ளி. அதன் ஒரு முகத்தில் ஆவாவின் யானை சிங்கத்தின் முன் மண்டியிட்டிருக்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்தப் போருக்கான பதக்கம் 1851இல்தான் கிடைத்தது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள், எழுத வேண்டாம்.

என் வரைவின் கடைசிக் காட்சி லைனில், அடுப்படியில் நடக்கிறது. அவன் பதக்கத்தை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைக்கிறான். அவள் யானையையும் சிங்கத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கையை மேலும் கீழும் அசைத்து, ‘எத்தனை ரூபாய் எடை இருக்கும்?’ என்று கேட்கிறாள். அவன் தராசு இருக்கும் வீட்டைக் காட்டுகிறான்.